கிளிப் படத்தை நம்பாதீர்கள்

"அண்ணாச்சி, பத்தாயிரத்துக்குள்ள போட்டோ போடுற மாதிரி நல்ல பிரிண்டர் ஒண்ணு சொல்லுங்க" என்று பக்கத்து வீட்டு டீச்சர் கேட்டார். எந்த மாடலையும் சொல்லாமல், "மாசத்துக்கு எத்தனை படம் போடுவீங்க டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு கலர் லேபில் 19 வருடம் நொரிட்சு மெஷின் முன்னால் நின்றவன் நான். அதனால் பிரிண்டர் வாங்க நினைக்கிற தெருக்காரர்கள் கடைக்குப் போகும் முன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். மாதம் பத்துப் பதினைந்து படம்தான் என்பவர்களிடம் வாங்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். லேபில் வருவது இங்க்கில் அச்சான படமே இல்லை. லேசர் ஒளி பட்டு, ரசாயனத்தில் கழுவி வருவது. லேப் விலைக்கு அந்தத் தரத்தை வீட்டு மெஷினால் கொடுக்க முடியாது.

எனக்கு இந்தப் புத்தி அனுபவத்தில் வந்தது. டேங்க் பிரிண்டர்கள் வருவதற்கு முன்பு, மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு கேட்ரிட்ஜ் பிரிண்டர் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். கூடவே வந்த கேட்ரிட்ஜ் முப்பது படத்தைத் தாண்டவில்லை. புதிதாகக் கறுப்பு ஒன்று, கலர் ஒன்று வாங்கப் போனால் இரண்டாயிரத்தைத் தொட்டது. மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு இங்க்கில் பிடிக்கிற வித்தை. டப்பாவில் "இத்தனை பக்கம் வரும்" என்று போட்டிருப்பார்களே, அது எழுத்தும் கொஞ்சம் கலரும் உள்ள பக்கங்களுக்கான கணக்கு. ஓரம் விடாமல் அடிக்கிற போட்டோ அதைவிடப் பல மடங்கு இங்க் குடிக்கும்.

டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார்: பேத்தி படங்கள், பள்ளி விழாப் படங்கள் சேர்த்து மாதம் நாற்பது. கூடவே பிள்ளைகளுக்கு ஒர்க்ஷீட். அப்படியானால் இங்க்கைப் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்கிற டேங்க் பிரிண்டர்தான் சரி. லேசர் பேச்சே வேண்டாம். அது தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டுகிற மெஷின். இங்க்ஜெட் போட்டோ பேப்பரை அதில் விட்டால் பேப்பரின் பூச்சு உருகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

"சின்னதா ஒண்ணு இருக்கே, என் தம்பி வச்சிருக்கான்" என்றார். அது கேனனின் செல்ஃபி. தற்படம் இல்லை, மெஷின் பெயரே அதுதான். அதில் இங்க் கிடையாது, கலர் ரிப்பன். சூடு பட்டதும் ரிப்பனிலுள்ள சாயம் ஆவியாகிப் பேப்பருக்குள் இறங்கும். ஒரே பேப்பர் நாலு தடவை உள்ளே போய் வரும்: மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியில் மேலே ஒரு காப்புப் படலம். ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்தாலும் காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் மேக்ஸி சைஸ், அதாவது 4x6, அதற்குமேல் வராது. ரிப்பனும் பேப்பரும் சேர்ந்த பாக்கெட்தான் வாங்க வேண்டும், படத்துக்கு இவ்வளவு என்று செலவு குறையவே குறையாது. எப்போதாவது போடுகிறவர்களுக்குச் சரி. தீர்ந்த ரிப்பனைக் குப்பையில் போடுமுன் கிழித்துப் போடுங்கள். நீங்கள் அடித்த படமெல்லாம் அதில் நெகட்டிவ் மாதிரி பதிந்திருக்கும்.

டேங்க் பிரிண்டரில் நாலு கலர், ஆறு கலர் என்று இரண்டு ஜாதி. ஆறு கலர் எதற்கு? முகத்தில் வெளிச்சம் பட்ட கன்னத்தைப் பாருங்கள். நாலு கலர் மெஷின் அங்கே அழுத்தமான புள்ளிகளை எட்ட எட்ட வைக்கும். உற்றுப் பார்த்தால் பொடி தூவியது போலத் தெரியும். எப்சன் எல்8050 போன்ற ஆறு கலர் மெஷினில் வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும் கூடுதலாக இருப்பதால், வெளிர் புள்ளிகளை நெருக்கி வைத்துக் கன்னத்தை வழவழப்பாக்கிவிடும். விலை டீச்சர் சொன்ன தொகையைத் தாண்டிப் போய்விடும் என்பதுதான் சங்கடம். 5760 டிபிஐ என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருப்பது புள்ளி வைக்கிற கணக்கு, அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மேக்ஸி சைஸுக்கு அங்குலத்துக்கு 300 வீதம் 1800x1200 பிக்சல் இருந்தால் போதும். அது எந்தப் போனிலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால்தான் சுருங்கிப்போகும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரோடு கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் பச்சையும் சிவப்புமாக ஒரு பஞ்சவர்ணக்கிளியை அடித்து நீட்டினான். கிளிப் படம் எந்த மெஷினிலும் அழகாகத்தான் வரும். எந்தக் கிளியின் நிஜ நிறம் நமக்குத் தெரியும்? என் பென்டிரைவைக் கொடுத்து, என் ஆச்சி படத்தைப் போடச் சொன்னேன். கறுத்த முகம், வெள்ளைச் சேலை, பின்னால் இருட்டு நடை. சேலை மடிப்பு மறையக்கூடாது, முகம் செம்பட்டையாகக் கூடாது, இருட்டுக்குள் நிலைக்கதவு தெரிய வேண்டும். இந்த மூன்றும் தேறினால் எந்தக் கல்யாண ஆல்பமும் தேறும்.

நாலு கலர் மெஷினில் ஆச்சியின் சேலை ரோஸாக வந்தது. டீச்சர் முகம் விழுந்துவிட்டது. நான் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். பேப்பர் வகை "பிளைன்" என்று இருந்தது. கிளாஸி என்று மாற்றி மறுபடி அடித்ததும் சேலை வெள்ளையாகிவிட்டது, மடிப்பும் தெரிந்தது. சாதாப் பேப்பர் என்று சொன்னால் மெஷின் அதற்குத் தக்கபடி கலரைக் கலக்கும், அவ்வளவுதான். "பிரிண்டர் சரியில்லை" என்று என்னிடம் வருகிற வழக்கில் பாதி இதுதான். ஆறு கலர் மெஷினிலும் அடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நாலு கலர் படத்தில் கன்னத்தில் கொஞ்சம் பொடி தெரிந்தது. கை நீட்டிப் பிடித்தால் தெரியவில்லை. டீச்சர் நாலு கலரையே எடுத்துக்கொண்டார்.

மிச்சம் பிடித்த காசைப் பேப்பரில் போடச் சொன்னேன். ஜி.எஸ்.எம். எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பேப்பரின் முதுகைத் தடவுங்கள். ரெசின் பூசிய பேப்பர் பின்பக்கமும் பிளாஸ்டிக் போல வழுக்கும், லேப் பிரிண்ட் மாதிரியே. மலிவு கிளாஸியின் முதுகு வெறும் அட்டை. ஐப்பசி ஈரத்தில் சுருண்டுகொள்ளும். இங்க்கும் மெஷின் கம்பெனியுடையதையே ஊற்றுங்கள். டை இங்க் என்றால் ஈரக்கையும் நேர்வெயிலும் ஆகாது, சுவரில் மாட்டுவதானால் கண்ணாடிக்குள் போடுங்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, மெஷினில் உள்ள பட்டனை அமுக்கி அணைத்த பிறகுதான் சுவரில் ஸ்விட்சை அணைக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். நம் வீடுகளில் எல்லாவற்றையும் சுவரிலேயே அணைத்துப் பழக்கம். அப்படிச் செய்தால் நடுவழியில் நின்ற ஹெட் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்க ஹெட் கிளீனிங் போடுவார்கள், அந்த இங்க் எல்லாம் கழிவுப் பஞ்சுக்குப் போகும். பஞ்சு நிறைந்தால் மெஷின் வேலை நிறுத்தம். சில மாடல்களில் அந்தப் பஞ்சுப் பெட்டியை நாமே மாற்றலாம். மற்றவற்றுக்கு சர்வீஸ் சென்டர்தான்.

இரண்டாவது, வாரத்துக்கு ஒரு படமாவது கலரில் அடிக்க வேண்டும். "எதை அடிக்க? உங்க ஆச்சியையா?" என்றார் டீச்சர். ஆச்சி படத்தில் கலர் ஏது? எல்லாக் கலரும் ஓட வேண்டும் என்றால் அந்தக் கிளிதான் சரி என்றேன், சாதாப் பேப்பரில், சின்ன சைஸில்.

டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பேத்தி படத்தைச் சுற்றி இப்போது ஏழு கிளிகள் இருக்கின்றன.