பழைய விரைவுக் காரின் மறைந்த செலவுகள்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் வாழும் ஒருவர் கண்டிக்குச் செல்ல வேண்டுமாயின், மாத்தளையைக் கடந்து பலகடுவக் கணவாயின் வளைவுகளில் ஏறி இறங்க வேண்டும். அவ்வூரில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு, அறுபது ஆண்டு பழைமையுடைய ஜாகுவார் ஈ-டைப் வண்டியொன்று விலைக்கு வருகிறது எனக் கொள்க. சேமித்த பணம் கையில் இருக்கிறது. இளமைக்கால ஆசையும் நெஞ்சில் இருக்கிறது. வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு, அந்த வண்டி எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் ஈ-டைப் அறிமுகமாயிற்று. சேர் வில்லியம் லயன்ஸ் தலைமை வகித்த ஜாகுவார் நிறுவனம், விமானத் தொழிலில் பயிற்சி பெற்ற மல்கம் செயர் என்பவரைக் கொண்டு அதன் உருவத்தை அமைத்தது. 3.8 லீற்றர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் இயந்திரமும் மூன்று கார்புரேற்றர்களும் அதற்கு உண்டு. மணிக்கு 150 மைல் செல்லும் என்று தயாரித்தோர் கூறினர். இங்கிலாந்தில் வரியுடன் அதன் விலை ஏறத்தாழ 2,100 பவுண். அக்காலத்து ஃபெராரி ஒன்றின் விலையிற் பாதிகூட இல்லை. 1964இல் இயந்திரம் 4.2 லீற்றராகப் பெருத்தது. 1971இல் பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம் வந்தது. 1974இல் உற்பத்தி நின்றது. மலிவாக விற்கப்பட்ட இவ்வண்டி மலிவாகப் பராமரிக்கக்கூடிய முறையில் அமைக்கப்படவில்லை. இதனை அறியாது வாங்கியோர் இங்கிலாந்திலும் பலர்.

வண்டியைப் பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் இயந்திர மூடியைத் திறந்து, இயந்திரத்தை முடுக்கி, அதன் ஒலியில் மயங்கி நின்றுவிடுகின்றனர். பார்க்க வேண்டிய இடம் வேறு. ஈ-டைப் வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. நடுப்பகுதி தகட்டினால் ஆன ஒரு பெட்டி. முன்பகுதியில் சதுரக் குழாய்களாலான சட்டமொன்று திருகாணிகளால் இணைக்கப்பட்டு இயந்திரத்தைத் தாங்குகிறது. கதவின் கீழே நீளவாக்கில் ஓடும் வெற்றுக் கூடு போன்ற பகுதியே வண்டியின் முதுகெலும்பு. அங்கே நீர் தங்கினால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மேற்பூச்சு பளபளவென்று இருக்கும்போதே உட்புறம் உளுத்துப் போயிருக்கும். குழாய்ச் சட்டத்துக்கும் இதே கதி. அதனை ஒட்டு வைத்து நம்புவது ஆபத்து, மாற்றுவதே முறை. வடகீழ்ப் பருவமழை மாதக்கணக்கில் பெய்யும் மாத்தளைப் பகுதியில், திறந்த கொட்டகையில் நின்ற வண்டியை ஐயத்துடனேயே நோக்குதல் நலம். ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் சென்று கதவடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்த்தால், எங்கே இரும்பு இருக்கிறது, எங்கே பட்டி பூசி மறைக்கப்பட்டிருக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். இயந்திரத்தைச் செப்பனிடுவதைவிட உடலைச் செப்பனிடுவதற்கே பெருஞ்செலவாகும்.

இலங்கைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டதால் மோட்டார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின்னரே பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளை ஓட வைத்தவர்கள் நம் நாட்டு மெக்கானிக்குகள். இல்லாத பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்தார்கள்; வேறொரு வண்டியின் பாகத்தைத் திருத்திப் பொருத்தினார்கள். அத்திறமை பாராட்டுக்குரியதே. ஆயினும், சாதாரண வண்டியில் பல்லாண்டு உழைக்கும் ஒரு மாற்றுப் பாகம், மிகுந்த வேகத்துக்கும் வெப்பத்துக்கும் உட்படும் வண்டியில் திடீரெனக் கைவிடக்கூடும். ஆகவே, முன்னைய உரிமையாளர் என்னென்ன மாற்றினார் என்பதைக் கேட்டறிதல் அவசியம். பற்றுச்சீட்டுகள் நிறைந்த ஒரு பழைய கோப்பு, புதிய வர்ணப் பூச்சைவிட மதிப்புடையது.

அடுத்தது வெப்பம். விரைந்து ஓடும்போது முன்வாய் வழியே புகும் காற்று நீரைக் குளிர்விக்கும் என்ற கணக்கில் அமைந்த வண்டி இது. நம் நாட்டிலோ சாதாரண வீதிகளில் காருக்குரிய உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். நகரத்து நெரிசலில் அதுவும் இல்லை. முதல் வரிசை வண்டிகளில் இருந்த ஒற்றை மின்விசிறி இத்தகைய நிலைக்குப் போதாது. அடைபட்ட றேடியேற்றருடன் மலையேறினால் நீர் கொதித்து, சிலிண்டர் தலை வளைந்து, ஒரு நாளில் ஓராண்டுச் செலவு வந்து சேரும். தயாரித்தோரே 1968இல் முன்வாயை அகலமாக்கி இரண்டு விசிறிகளைப் பொருத்தினர் என்பது கவனத்துக்குரியது.

இனி, கூலியைப் பற்றிச் சிறிது. பெரும்பாலான வண்டிகளில் கிளச் தட்டு மாற்றுவதற்குக் கியர்ப் பெட்டியை மட்டும் இறக்கினால் போதும். ஈ-டைப் வண்டியில் இயந்திரமும் கியர்ப் பெட்டியும் ஒருசேர வெளியே வர வேண்டும். தட்டின் விலை சிறிது. வேலையோ பல நாட்களுக்கு உரியது. பின்சக்கர பிறேக்குகளும் அவ்வாறே. அவை சக்கரத்தின் அருகே இல்லாமல், நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியை ஒட்டி அமைந்துள்ளன. பிறேக்கின் சூட்டினால் அப்பெட்டியின் எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் காய்ந்து கசிகின்றன. கசிந்த எண்ணெய் பிறேக் வட்டில் படிகிறது. சரியாகத் திருத்துவதாயின் பின்பகுதி முழுவதையும் கழற்றி இறக்க நேரும்.

பிறேக்கைப் பற்றிய மற்றொரு செய்தி உயிரோடு தொடர்புடையது. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நான்காம் தரத்து எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரை கொதியாதிருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகையாகத் தாழ்ந்துவிடுகிறது. ஓடாது நின்ற வண்டியில் பலகடுவ இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடியே வந்தால், எண்ணெய் கொதித்து ஆவியாகி, மிதி வெறுமையாகக் கீழே போகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை. பலர் மறப்பதும் இதனையே. டயரும் அப்படித்தான். பூ தேயாமல் இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. ரப்பர் வயதினாலேயே கெட்டியாகி வெடிக்கும்.

பெற்றோலைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டபோது, வார்ப்பிரும்புத் தலை கொண்ட எம்.ஜி. போன்ற பழைய வண்டிகளின் வால்வு இருக்கைகள் தேயும் என்ற அச்சம் எழுந்தது. ஜாகுவாரின் அலுமினியத் தலையில் கடினமான இருக்கை வளையங்கள் பதிக்கப்பட்டிருப்பதால் அத்தொல்லை குறைவு. ஆனால் அது குடிக்கும் அளவு வேறு விஷயம். யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றதே. ஒரு லீற்றருக்கு ஆறரை அல்லது ஏழு கிலோமீற்றர் கிடைத்தால் நன்று. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீடு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என நிர்ணயிக்கப்பட்டது. அந்த 20 லீற்றருடன் கொழும்பிலிருந்து புறப்பட்ட ஈ-டைப் மாத்தளையை எட்டுவதே ஐயம், பல்லேபொலவை எட்டியிராது. அதே ஆண்டில் வேறோர் அடியும் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இவ்வண்டியின் பாகங்கள் பலவும் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் விலை அந்நிய நாணயத்தில். விமானக் கட்டணமும் சுங்க வரியும் அதன் மேல். வாங்கும் விலையை ஒருவர் தாமே பேசி முடிக்கலாம். பாகத்தின் விலையை நாணயச் சந்தை முடிவு செய்கிறது.

ஆதலால், கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடுதல் பெரும் பிழை. அரைப்பங்கைக் கொடுத்து, எஞ்சியதை முதல் ஈராண்டுத் திருத்தத்துக்கு ஒதுக்கக்கூடியவருக்கே இது பொருந்தும். கார்புரேற்றர் மூன்றையும் காதினாலேயே இசைத்து வைக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதையும் பேரம் பேசுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். வாங்கியபின், நிலம் ஈரம் கசியாத, காற்றோட்டமுள்ள கொட்டகை தேவை. தோல் இருக்கையில் பூஞ்சணம் படராமல் துடைக்க வேண்டும். எலி மின்கம்பியைக் கடியாமல் காக்க வேண்டும். நிறுத்தியதும் பற்றறி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறையேனும் இயந்திரம் முற்றாகச் சூடேறும்வரை, அரைமணி நேரமாவது வீதியில் ஓட்ட வேண்டும். வாசலில் நிறுத்தியபடி ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்தால், எண்ணெயிலும் புகைக்குழாயிலும் நீர்தான் சேரும்.