பிறர் நாவில் நம் பேச்சு

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறப் புகுந்தவிடத்து நகையையே முன்னிறுத்தினார். அந்நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கனுள்ளும் எள்ளலுக்கே முதலிடம் அளித்தார். அதற்கு உரைகண்ட பேராசிரியர், பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒன்று, தன்னைப் பிறர் எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றொன்று என இருவகைப்படுத்திக் காட்டினார். முன்னது எவர்க்கும் எளிது. பின்னதை அவையோரிடத்து எழுப்புவதே நகைச்சுவை நடிகனின் திறம் என்பது என் துணிபு.

நடிகர்தம் கருவிகள் பலவாகும். உடலசைவையே மொழியாக்கி உலகைச் சிரிக்கவைத்தவர் சார்லி சாப்ளின். தமிழ்த் திரையில் அவ்வழி நின்று ஒளிர்ந்தவர் நாகேஷ். 'திருவிளையாடல்' (1965) படத்தில் தருமியின் வறுமைப் புலம்பலையும் நடையையும் ஒன்றாகக் குழைத்தளித்தார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனோ சிரிப்பினூடே சீர்திருத்தக் கருத்துகளை ஊட்டினார். வானொலி நடிகனுக்கு முகமுமில்லை, உடலுமில்லை. குரல் ஒன்றே உண்டு. அவனுக்குப் பேச்சே வேடம்.

அவ்வேடத்தை ஈழத்தில் சிறப்புற அணிந்தவர்கள் 'கோமாளிகளின் கும்மாளம்' குழுவினர். இலங்கை வானொலியில் ஒலித்த அந்நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாயிற்று. அதில் எஸ். ராமதாஸ், மரிக்கார் என்னும் முஸ்லிமாக வந்தார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகி யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாகிச் சிங்களவர் வாயில் வரும் தமிழைப் பேசினார். பி. எச். அப்துல் ஹமீத் ஐயரானார். மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன் என வேடத்தின் பெயர் நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முஸ்லிம் அல்லாத ராமதாஸ் முஸ்லிமின் பேச்சையும், முஸ்லிமான ஹமீத் ஐயரின் பேச்சையும் இரவல் வாங்கியதை நோக்குங்கள். கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நிகழ்ந்தது. ஒரு சாரார் என்றும் எள்ளுவோராகவும், மறுசாரார் என்றும் எள்ளப்படுவோராகவும் நிற்கும் நிலை அங்கில்லை. அந்நகையின் அறம் அதுவே.

எனினும், கல்முனைக்குடியிலிருந்து செவிமடுப்போர்க்கு ஒரு குறையும் புலப்படும். மரிக்காரின் பேச்சு கொழும்புப் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சு. எம் பேச்சு வேறு. 'மனே' என்னும் விளியும் 'கா' என்னும் ஒட்டும், எம்மையும் அயலூர்த் தமிழரையும் ஒருசேரப் பிணிப்பவை. பேச்சு சமயத்தால் மட்டுமன்றி மண்ணாலும் அமைவது. ஒரே குரலை ஒரு சமூகம் முழுமைக்கும் பொதுவாக்கிவிட்டால், வேடம் வெறும் அச்சாகிவிடும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். அக்காலத்து வன்செயல்களால் இக்கரையில் இரு சமூகத்தவரும் உயிரிழந்தனர். அதன்பின் அயலவர் ஒருவர் நம் பேச்சைப் பேசிக்காட்டினால், சிரிப்பு எழுமுன்னரே ஐயம் எழுந்துவிடுகிறது. சொல்லும் தொனியும் முன்போலவே இருக்கலாம். கேட்கும் செவி மாறிவிட்டது. நம்பிக்கை வற்றிய இடத்தில் பேராசிரியர் கூறிய இரண்டாம் நகை பிறவாது.

ஆகவே ஆசிரியராகிய நாம் இதனைச் சிறிதென்று விடலாகாது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழகும் பிள்ளைகள், மலையகத்தவரையோ சிங்களவரையோ சிதைந்த தமிழ் பேசவைத்து எளிதிற் கைதட்டுப் பெற விழைகின்றனர். நான் அவர்களைத் தடுப்பதில்லை. அப்பேச்சுக்குரியவர் முன்வரிசையில் வீற்றிருப்பதாக எண்ணி நடியுங்கள் என்பேன். அவர் தலைகுனியாமல் சிரிப்பாரா என்று கேட்பேன். ஐயமிருப்பின், கல்முனைச் சந்தைக்குச் சென்று, பல ஊரார் பேசுவதை ஒரு நாழிகை நின்று கேட்டுவரச் சொல்வேன். சென்று வந்த பிள்ளைகள் பெரும்பாலும் தம் வசனத்தைத் தாமே திருத்தி எழுதுகின்றனர்.