குழந்தை காணும் நீதி

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில் பிறந்த ஹார்ப்பர் லீ என்னும் பெண்மணி, 1960-ஆம் ஆண்டில் ஒரு நாவலை வெளியிட்டார். ‘டு கில் எ மாக்கிங்பேர்டு’ என்பது அதன் பெயர். மறு ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது; 1962-இல் அது திரைப்படமாகவும் வந்தது. கடல் கடந்த அந்தக் கதைக்கும், தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களாகிய நமக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1930-களில் மேகோம்பு என்னும் கற்பனைச் சிற்றூரில் ஸ்கவுட் என்ற சிறுமியும் அவளுடைய அண்ணன் ஜெம்மும் வாழ்கின்றனர். அவர்களுடைய தந்தை ஆட்டிகஸ் ஃபிஞ்ச் ஒரு வழக்கறிஞர். டாம் ராபின்சன் என்னும் கறுப்பின இளைஞன் மீது, ஒரு வெள்ளையினப் பெண்ணைக் கெடுத்தான் என்ற பொய்க் குற்றம் சுமத்தப்படுகின்றது. ஆட்டிகஸ் அவனுக்காக வாதாடுகின்றார். அப்பெண்ணின் முகத்தில் இருந்த காயங்கள் இடக்கைப் பழக்கம் உள்ளவன் அடித்ததால் ஏற்பட்டவை. டாமின் இடக்கையோ சிறு வயதில் இயந்திரத்தில் சிக்கிச் செயலற்றுப் போனது. உண்மை பகல் போல் விளங்குகின்றது. எனினும் ஜூரிகள் பன்னிருவரும் அவனைக் குற்றவாளி என்றே தீர்மானிக்கின்றனர்.

ஜூரி முறை மும்பைவாசிகளுக்குப் புதியதன்று. 1959-இல் இந்நகரில் நடந்த நானாவதி வழக்கில் ஒன்பது ஜூரிகளில் எண்மர் குற்றமில்லை என்றனர். உயர்நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்துத் தண்டனை விதித்தது. ஊராரில் சிலரை அழைத்துத் தீர்ப்பைக் கேட்டால், ஊரின் மனம் எதுவோ அதுவே தீர்ப்பாக வரக்கூடும். அக்காலத்து அலபாமாவில் பெண்கள் ஜூரிகளாக அமர இயலாது. கறுப்பினத்தவர் நடைமுறையில் முற்றிலும் விலக்கப்பட்டிருந்தனர். 1931-இல் ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது இத்தகைய குற்றச்சாட்டே எழுந்தது. சில வாரங்களுக்குள் எண்மருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து விலக்கியது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1935-இல் கூறியது. கதையில் வரும் நீதிமன்றம் வெறுங் கற்பனை அன்று என்பது இதனால் விளங்கும்.

தீர்ப்பைக் கேட்டு ஜெம் அழுகின்றான். அவன் அழுவது எதற்காக? தீயவர்கள் உலகில் உண்டு என்பதை அவன் முன்பே அறிவான். அவனைத் தாக்கியது வேறொன்று. நாள்தோறும் தெருவில் அன்போடு பேசும் மனிதர்கள், கோயிலுக்குச் செல்பவர்கள், கடனை ஒழுங்காகத் திருப்பித் தருபவர்கள், இவர்களே ஒன்றுகூடி ஒரு நிரபராதியைக் குற்றவாளி என்றனர். குழந்தை உள்ளத்தின் வெகுளித்தன்மை உடைவது அந்த இடத்திலேதான்.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசையில் தீக்கிரையாயினர். பெண்களும் குழந்தைகளும் முதியோருமே அவர்களில் மிகப் பலர். விசாரணை நீதிமன்றம் நிலக்கிழார்களைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றமோ அவர்களை விடுவித்தது. பெருநிலம் உடைய செல்வந்தர்கள் தாமே நடந்து சென்று குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மேகோம்பில் ஒரு மனிதனின் நிறம் அவனுடைய சொல்லின் எடையைக் குறைத்தது. இங்கோ செல்வமும் நிலமும் சிலருடைய மறுப்பின் எடையைக் கூட்டின. தராசு ஒன்றே, படிக்கற்கள்தாம் வேறு. இந்த நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவல் 1977-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

ஹார்ப்பர் லீயின் நாவலில் ஒரு குறையும் உண்டு. அக்கதையை வெள்ளையினச் சிறுமியின் வாயிலாகவே நாம் கேட்கின்றோம். மேல்மாடத்தில் கறுப்பினத்தவருடன் அமர்ந்து அவள் வழக்கைக் காண்கின்றாள்; அங்கே அவளருகில் இருக்கும் மற்றக் குழந்தைகளின் உள்ளத்தை நாம் அறிவதில்லை. டாம் ராபின்சனின் பிள்ளைகளுக்கு, இழப்பதற்கு அத்தகைய வெகுளித்தன்மை இருந்ததா? உலகம் நேர்மையானது என்று பத்து வயது வரையில் நம்பியிருப்பதும் ஒரு சலுகையே. அது எல்லாக் குழந்தைகளுக்கும் கிட்டுவதில்லை.

மறுபக்கத்திலிருந்து இதே அனுபவத்தைச் சொல்லும் தமிழ் நூல் ஒன்று உண்டு. பாமா எழுதி 1992-இல் வெளிவந்த ‘கருக்கு’ என்பது அது. பள்ளியிலிருந்து திரும்பும் ஒரு சிறுமி, தம் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிச் சென்று நிலக்கிழாரிடம் கொடுப்பதைக் காண்கின்றாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருக்கின்றது, சிரிக்கின்றாள். அவர் கை பட்டால் பண்டம் தீட்டாகிவிடும் என்று கருதுவதால்தான் அப்படி என்று அவளுடைய அண்ணன் விளக்கியதும், சிரிப்பு அடங்கிச் சினம் பிறக்கின்றது. ஸ்கவுட் பிறருக்கு நேர்ந்த அநீதியைக் கண்டாள். இச்சிறுமியோ அந்த அநீதி தன்னையே குறிப்பது என்று அறிந்தாள்.

மராட்டிய மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1901-இல் சிறுவர் அம்பேத்கர், தம் தந்தை பணிபுரிந்த கோரேகாவுக்குச் செல்ல மசூர் ரயில் நிலையத்தில் உடன்பிறந்தாரோடும் உறவினரோடும் இறங்கினார். நன்கு உடுத்தியிருந்த பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி பரிவோடு பேசினார். சாதியை அறிந்ததும் முகம் மாறியது. இரட்டை வாடகை கொடுத்தும் வண்டிக்காரர் அவர்களோடு அமர மறுத்தார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட, அவர் உடன் நடந்து வந்தார். இரவு முழுதும் குடிக்கத் தண்ணீர் கிட்டவில்லை. அந்தச் சிறுவரே பின்னாளில் நாட்டின் அரசியலமைப்பை உருவாக்கிய குழுவின் தலைவரானார். அவர் கட்டிய ‘ராஜகிருகம்’ என்னும் இல்லம் மாதுங்காவுக்கு அருகே தாதர் இந்துக் காலனியில் நிற்கின்றது.

மும்பைத் தமிழர் இந்தப் பாடத்தை இரு திசைகளிலும் கற்றவர்கள். 1966-இல் சிவசேனை தோன்றியதைத் தொடர்ந்து தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி மூண்டது; கடைகளும் உணவகங்களும் தாக்குண்டன. அன்று மாதுங்காவின் அலுவலக ஊழியரும், தாராவியின் தோல் தொழிலாளியும் ஒரே சொல்லால், ‘மதராசி’ என்றே அழைக்கப்பட்டனர். என்ன செய்தோம் என்பதைக் கேளாமல், யார் என்பதைக் கொண்டே தீர்ப்பு வழங்கப்படுவதன் கசப்பை அன்று யாவரும் ஒருங்கே உணர்ந்தனர். ஆயினும், ரயில் பாதைக்கு இப்புறமும் அப்புறமுமாக அடுத்தடுத்து அமைந்துள்ள அவ்விரு பகுதிகளுக்கும் இடையே நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த வேலி அதனால் மறைந்துவிட்டதா? பிறர் நம்மை அளந்த கோலைக் குறை கூறும் நாம், நம்முள் ஒருவரை ஒருவர் அளக்கும் கோலையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் எதற்கு என்று ஒரு குழந்தை கேட்கலாம். அந்தத் தெருப் பிள்ளைகளோடு ஏன் விளையாடக் கூடாது என்று வினவலாம். அப்போது பெரியவர் சொல்லும் மறுமொழியே அக்குழந்தை காணும் முதல் தீர்ப்பு. ‘அது அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பினால், மேகோம்பின் ஜூரிகளோடு நாமும் ஓர் இருக்கையில் அமர்ந்தவர்களாவோம். ஆட்டிகஸ் வழக்கில் தோற்றார்; எனினும் தம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு அவர் பொய் சொல்லவில்லை. நம் இல்லங்களில் அந்த அளவேனும் நேர்மை நிலவுமாயின், தாராவிக் குழந்தையும் மாதுங்காக் குழந்தையும் ஒரே தராசில் நிறுக்கப்படும் நாள் அணுகும். அந்த டம்ளரை இன்றே மற்றவற்றோடு சேர்த்து வைப்பது அதற்கு நல்ல தொடக்கமாகும்.