கச்சான் ஊற்றிய தேத்தண்ணி

ஜூன் பிறந்தால் கல்முனையில் கதவும் யன்னலும் தாமாகவே அடித்துச் சாத்திக்கொள்ளும். கச்சான் எழும்பிவிட்டது. வயல்வெளியைத் தாண்டி மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்று, அடுப்பு வாயில் நிற்பதுபோல முகத்தில் அறையும். உதடு வெடிக்கும். கொடியில் போட்ட சாரன் அரைமணியில் மொரமொரவென்று காயும். (சுருளில் கட்டி விற்கும் நிலக்கடலைக்கும் எங்களிடம் கச்சான் என்றுதான் பெயர், அது வேறு கதை.) இந்தக் காற்றைப் புகழ்ந்து பேசிய ஒருவரையும் நான் எங்கள் ஊரில் கண்டதில்லை. ஆனால் எங்களிடம் வருவதற்கு முன்னால் அது ஊவா மலையில் ஒரு வேலை செய்துவிட்டுத்தான் இறங்குகிறது. அந்த வேலைக்காக வெளிநாட்டுத் தேயிலை வியாபாரிகள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

சிவப்பு வைனைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். எந்தச் சரிவில் விளைந்த திராட்சை, எந்த வருடத்து வெயில், எத்தனை வருடம் நிலவறையில் கிடந்தது என்று அந்தப் பேச்சு நீளும். எங்களுக்கு வைன் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. ருசி பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஆனாலும் அந்தப் பேச்சில் பாதி, சந்திக் கடையில் வாங்கிக் குடிக்கும் பிளேன்டீக்கும் பொருந்தும். இரசாயனக் கணக்கில் இரண்டும் சாச்சா, பெரியவாப்பா பிள்ளைகள்.

உறவு கயரில் தொடங்குகிறது. சாயம் கூடிய தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் ஒரு மிடறு குடித்தால் நாக்கு காய்ந்து, கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும். அது நாக்கு உணரும் சுவை என்பதைவிடத் தொடுவுணர்வு என்பதே பொருத்தம். எச்சிலில் உள்ள வழுக்கும் புரதங்களைத் தேயிலையின் தனின் வகைப் பொருட்கள் பிடித்துத் திரளச் செய்கின்றன. எண்ணெய் வற்றிய சில்லுப்போல வாய் உராய்கிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள தனின் சிவப்பு வைனில் செய்வதும் இதே வேலைதான். தேயிலைக் கொழுந்தில் நிறைந்திருக்கும் கட்டெக்கின் குடும்பத்துப் பொருட்கள் சங்கிலியாகக் கோர்த்து நிற்பதுதான் திராட்சைத் தனின்.

கொழுத்த மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் மேல்நாட்டார் சிவப்பு வைனை வைப்பதும், கலியாண வீட்டுப் புரியாணிக்குப் பிறகு நாங்கள் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ கேட்பதும் இதனால்தான். கொழுப்பு வாயில் வழுக்குகிறது, கயர் உலர்த்துகிறது. ஒன்று மற்றதைச் சரிக்கட்டுகிறது.

முதிர்வதில் மட்டும் இரண்டும் வேறு பாதை. நல்ல சிவப்பு வைன் போத்தலில் பல வருடம் கிடந்துதான் முரட்டுத்தனம் குறைகிறது. தேயிலைக்கு அந்தப் பொறுமை இல்லை. பறித்த கொழுந்தை ஓர் இரவு வாடவிட்டு, உருளையில் போட்டுக் கசக்கியவுடன் இலையின் உயிரணுக்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறையில் இருந்த நொதியமும் கட்டெக்கினும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து சேருகிறது. ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் பச்சை இலை செம்புநிறமாகிவிடும். அந்த நேரத்தில் பிறப்பவைதான் பொன்னிறத்தையும் சுறுசுறுப்பான கயரையும் தரும் தியாஃபிளேவின்களும், செங்கபில நிறம் தரும் தியாரூபிஜின்களும். பிறகு சூட்டில் உலர்த்தி நொதியத்தைக் கொன்றால் எல்லாம் அந்த நொடியில் உறைந்து நிற்கும். பத்து நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் வேறு தேயிலை.

தொழிற்சாலைகளில் இதை இன்றும் ‘நொதித்தல்’ என்கிறார்கள். தவறான பெயர். கிருமியும் இல்லை, மதுசாரமும் இல்லை, வெறும் ஒட்சியேற்றம். மார்க்கப்பற்றுள்ளவர்கள் நிம்மதியாகக் குடிக்கலாம். இலங்கையில் இலையைக் கசக்கும் வேலை ஆலையில் தொடங்கவில்லை: 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், தன் பங்களா விறாந்தையில் மேசைபோட்டுக் கையால்தான் இலையை உருட்டினார். ஆலையும் இயந்திரமும் பின்னால் வந்தவை.

இனி, கச்சான் செய்யும் வேலை. தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு மத்திய மலையின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, மேகமாகிறது, ஹட்டன் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. நீராவி மழையாகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றோடேயே தங்குவதால், மேகத்துக்குள் ஏறும் காற்று ஒரு கிலோமீற்றருக்கு ஐந்தாறு பாகைதான் குளிரும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போதோ ஈரம் போய்விட்டது. ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறையப் பத்துப் பாகை சூடேறும். ஏறும்போது தொலைத்ததைவிட இறங்கும்போது கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டு வருகிறது. அல்ப்ஸ் மலையடிவாரத்தில் இப்படிப்பட்ட காற்றுக்கு ஃபோன் என்று பெயர். எங்களுக்குக் கச்சான்.

இறங்கும் வழியில் ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கத்துத் தேயிலைச் செடிகளை அது வாட்டுகிறது. தாகத்தில் தவிக்கும் செடி வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்கிறது. கொழுந்து குறைகிறது, ஆனால் அதில் வாசனைக்கான சரக்கு செறிகிறது. நெருக்கடியில் செடிகள் உண்டாக்கும் பொருட்களில் மெதைல் சலிசிலேற்றும் ஒன்று. மூட்டுவலித் தைலங்களைத் திறந்தால் மூக்கில் ஏறும் அதே வாசனை. செடியில் இது சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் கிடக்கும். இலை வாடிக் கசங்கும்போது நொதியங்கள் அந்தப் பிணைப்பை வெட்டி விடுவிக்கின்றன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரும் ஊவாத் தேயிலையின் புதினாபோன்ற குளிர்ச்சிக்கு இதுவே முக்கிய காரணம். தைலத்தின் வாசம் தேத்தண்ணியில் எப்படி நன்றாக இருக்கும் என்று கேட்பீர்கள். அளவுதான் விஷயம்.

கிழக்கே எங்களுக்கு வருவது காற்று மட்டுமல்ல. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கும் கல்லோயா, இங்கினியாகலையில் தேங்கி, எங்கள் வயல்களுக்குப் பாய்ந்து கடலில் சேருகிறது. சோற்றுக்குத் தண்ணீரும் தேத்தண்ணிக்கு வாசமும் ஒரே திசையிலிருந்து என்றால் மிகையில்லை.

அந்த வாசத்தை அளப்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். 1883 ஜூலை 30இல் தொடங்கிய ஏலம் இன்றும் நடக்கிறது. ஏலத்துக்கு முன் எல்லாத் தேயிலையும் ருசி பார்ப்பவரின் கரண்டிக்கு வந்தாக வேண்டும். சர்வதேச நியமப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம். வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். அவர் ஊறிய இலையின் நிறத்தைப் பார்ப்பார், முகர்வார், பிறகு ஒரு கரண்டியைச் ‘சுர்’ என்ற சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிடுவார். அந்தச் சத்தம் மரியாதைக்குறைவல்ல. காற்றோடு சேர்த்து இழுக்கும்போது துளிகள் சிதறி, ஆவி தொண்டைவழியே மூக்குக்கு ஏறுகிறது. வாசனையில் பெரும்பகுதியை நாம் அந்தப் பின்வாசலால்தான் அறிகிறோம். வைன் சுவைப்பவரும் இப்படித்தான் உறிஞ்சித் துப்புகிறார். எங்கள் வீட்டிலோ சுர்ரென்று குடித்தால் உம்மா முறைப்பார்.

சிவப்பு வைனைப் போத்தலிலிருந்து அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிக் காற்றுப்படவிடுவார்கள். எங்கள் கடைக்காரர் கையை உயர்த்தி ஆற்றுவார். ஆனால் அது சூடு தணிக்கவும் நுரை எழுப்பவும்தான். நல்ல ஊவாத் தேயிலையை அப்படி ஆற்றினால் வாசம் கடைக்கே போய்விடும். கேத்தலில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிடுவது அதைவிடப் பாவம்: வாசம் பறந்து, கயர் மட்டும் மிஞ்சும். மூடி ஊறவைத்து, வடித்து, நாக்குச் சுடாத பதத்தில் சீனியில்லாமல் குடிக்க வேண்டும். சீனி வேண்டுமென்றால் உள்ளங்கையில் வைத்துத் தொட்டுக்கொள்ளலாம். மிஞ்சியதைப் பிரிட்ஜில் வைத்தால் கலங்கிப்போகும். கெட்டுவிட்டதென்று ஊற்றிவிடாதீர்கள். தியாஃபிளேவினும் கபீனும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதால் வந்த கலங்கல் அது. ருசி பார்ப்பவர்கள் அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

தேயிலையை வைனைப்போலச் சேமித்து முதிரவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கடலோர வீடுகளில் தேயிலைப் பேணியும் கருவாட்டுப் பானையும் ஒரே தட்டில் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். இறுக மூடிய பேணியில், குசினியின் மறு மூலையில், ஒரு வருடத்துக்குள் குடித்து முடிப்பதே நல்லது.

ஓகஸ்டில் பறித்த கொழுந்து உலர்ந்து, ஏலம் போய், பொதியாகி எங்கள் பக்கத்துக் கடைக்கு வரும்போது கச்சான் ஓய்ந்திருக்கும். வடகீழ்ப் பருவமழை பிடித்து, கடல் இரைந்து, கொடியில் போட்ட சாரன் மூன்று நாளாகியும் காயாது. அப்போதுதான் யன்னலைச் சாத்திக்கொண்டு அந்தப் பேணியைத் திறக்க வேண்டும்.