பெயர்கள் தொலையாமல் இருக்க: கொத்தணிக்குள் ஒரு தரவுத்தளம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்த நாட்களில் காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாக உருவாக்கியதுதான் 'சஹானா'. இணையச் செயலியும் அதற்குப் பின்னால் ஒரு தரவுத்தளமும் கொண்ட கட்டற்ற மென்பொருள் அது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் குடும்பங்களின் வாய்மொழிப் பதிவுகளுக்காக அதே அமைப்பில் சிறிய செயலி ஒன்றைச் செய்தேன். மடிக்கணினியில் ஓடியது. கொள்கலனாக்கி, பல கணினிகளை ஒன்றாக இயக்கும் குபர்னெட்டீஸ் கொத்தணியில் ஏற்றியதும் 'கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட்' என்று நின்றுவிட்டது.

தவறு என்னுடையது. தரவுத்தளத்தின் முகவரியாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே விட்டிருந்தேன். மடிக்கணினியில் அது அதே கணினியைக் குறிக்கும். கொத்தணியில் செயலி இருக்கும் 'பொட்' எனும் சிறு கூட்டையே குறிக்கும். தரவுத்தளமோ வேறொரு பொட்டில் இருந்தது.

அந்தப் பொட்டின் ஐபி எண்ணைக் கொடுத்தாலும் நிலைக்காது. பொட் விழுந்து புதிது எழும்பும்போது எண் மாறிவிடும். முகாம் முகாமாக மாறும் குடும்பத்துக்குக் கடிதம் போடுவது போலத்தான். கிராம சேவகரிடம் கொடுத்தால் அவர் சேர்ப்பிப்பார். இங்கே அந்த வேலையைச் செய்வது 'சேவிஸ்'. அதன் பெயர் மாறாது. லேபிளைப் பார்த்து உரிய பொட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும். செயலியில் சேவிஸின் பெயரையும் போர்ட் எண்ணையும் (மைஎஸ்கியூஎல் என்றால் வழக்கமாக 3306) கொடுத்தால் போதும். தரவுத்தளம் வேறு நேம்ஸ்பேஸில் இருந்தால், சேவிஸ் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து அந்த நேம்ஸ்பேஸின் பெயரையும் சேர்க்க வேண்டும்.

இணைப்பு கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. சாட்சி சொன்னவர்களின் பெயர்கள் உள்ளே இருக்கின்றன. கடவுச்சொல்லைக் கொள்கலனுக்குள் எழுதக் கூடாது. 'சீக்ரெட்' என்ற பகுதியில் வைக்க வேண்டும். ஆனால் சீக்ரெட் இயல்பாக மறைகுறியாக்கப்படுவதில்லை. பேஸ்64 வடிவில் இருக்கும் அதை, பார்க்க அனுமதி உள்ள எவரும் நொடியில் வாசித்துவிடலாம். ஆகவே அனுமதியைக் குறுக்குங்கள், மறைகுறியாக்கத்தைத் தனியாக இயக்குங்கள்.

கடைசியாக, நிலையான சேமிப்பிடம் ஒதுக்காவிட்டால் பொட் அழியும்போது தரவும் அழியும். அதை ஒதுக்கிவிட்டு, இன்னொரு பிரதியைக் கொத்தணிக்கு வெளியே, வேறோர் ஊரில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.