ஆதிவாசி உரிமைக் கருத்தரங்குகளும் ஸ்ரீமதுரையின் கிராம சபையும்

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் நாள். பிர்சா முண்டா பிறந்த நவம்பர் 15-ஐ 2021 முதல் ஒன்றிய அரசு பழங்குடியினர் கௌரவ நாளாகக் கொண்டாடுகிறது. இவ்விரு நாள்களையொட்டிப் பல்கலைக்கழகங்களில் கருத்தரங்குகள் நடக்கின்றன. அழைப்பிதழ்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: உரிமைகள், ஆளுகை, உடல்நலம், கல்வி என நான்கு அமர்வுகள், இடையே ஒரு பழங்குடி நடனம். சட்டம் குறித்துப் பேச அழைக்கப்பட்டு இத்தகைய மேடைகள் சிலவற்றில் நானும் அமர்ந்திருக்கிறேன். ஒருமுறை, ஆட வந்த பெண்களுக்கு மதிய உணவுச் சீட்டு கொடுக்க ஏற்பாட்டாளர்கள் மறந்துவிட்டார்கள். பிற்பகல் அமர்வு பழங்குடியினரின் ஊட்டச்சத்து பற்றியது.

அந்த நான்கு தலைப்புகளும் நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தின் ஸ்ரீமதுரை போன்றதோர் ஊராட்சியில் என்ன பொருள் தருகின்றன என்று பார்ப்போம்.

முதலில் நிலம். கூடலூர்ப் பகுதி பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர் வாழும் மண். சட்டம் படிக்கும் மாணவர் அனைவரும் ஐ.ஆர். கோயலோ வழக்கை அறிவர். 1973 ஏப்ரல் 24-க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அளவுகோலாகக் கொண்டு நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூறியது. அவ்வழக்கு எந்த மண்ணிலிருந்து புறப்பட்டது என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. அது கூடலூர் மண். நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜென்மிகளிடமிருந்த நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969-இல் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. காடுகளை அரசுடைமையாக்கும் பகுதியை 1972-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1974-இல் நாடாளுமன்றம் சட்டம் முழுவதையும் ஒன்பதாம் அட்டவணையில் வைத்தது. தோட்டக் குத்தகைகளைப் பற்றிய அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு இன்றும் கூடலூரில் தேநீர்க்கடைப் பேச்சு. 'செக்‌ஷன் 17 நிலம்' என்றால் பட்டா கிடையாது, மின் இணைப்புக்கு அலைய வேண்டும் என்று பொருள். ஜென்மியும் தோட்ட நிறுவனமும் அரசும் வழக்காடிய அத்தனை ஆண்டுகளிலும் ஆதிவாசி ஒரு தரப்பாகவே எண்ணப்படவில்லை. 1988-இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் கூடலூர் வீதிகளில் நிலம் கேட்டு நடந்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் முதன்முறையாக அவர்களை உரிமையாளராகப் பேசியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வாழ்ந்து, வாழ்வுக்கு அதைச் சார்ந்திருக்கும் பட்டியல் பழங்குடியினர் உரிமை கோரலாம். பிறர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வசித்ததை மெய்ப்பிக்க வேண்டும். தலித் வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி நீலகிரியில் குடியேறிய தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் தலித்துகள். இந்த 75 ஆண்டு நிபந்தனை அவர்களுக்கு எட்டாதது. ஒரே மலையில் ஒடுக்கப்பட்ட இரு மக்களை அரசு இரு வரிசைகளில் நிறுத்தி, ஒருவரையொருவர் ஐயத்துடன் பார்க்கச் செய்திருக்கிறது. இதைப் பேசும் கருத்தரங்கு எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

அடுத்து ஆளுகை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கு செல்லாது. வன உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு ஒன்றே எஞ்சுகிறது. உரிமை கோரும் செயல்முறையைத் தொடங்குவது கிராம சபை. ஆனால் எந்தக் கிராம சபை? இங்கு ஓர் ஊராட்சிக்குள் பல ஊர்களும் குடியிருப்புகளும் அடங்கும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் ஊராட்சிக் கிராம சபையில் பணியர் குடியிருப்பிலிருந்து வரும் பெண் கடைசி வரிசையில் நிற்பார், பேசுவதற்குள் தீர்மானம் வாசிக்கப்பட்டுவிடும். ஊராட்சி அளவில் சபை கூட்டுவதால் சிறு குடியிருப்புகள் விடுபடுகின்றன என்பதை ஒன்றியப் பழங்குடியினர் நல அமைச்சகமே ஒப்புக்கொண்டு, குடியிருப்பு அளவில் கூட்டுமாறு 2012 ஜூலையில் வழிகாட்டுதல் அனுப்பியது. ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் பாக்சைட் சுரங்கத்தைப் பன்னிரண்டு கிராம சபைகள் ஒருமனதாக மறுக்க முடிந்ததென்றால், அவை மலைக் குடியிருப்புகளிலேயே கூடியது அதற்கு முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் காலமும் வீணானது. உரிமை ஆவணம் வழங்குவதற்கு 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த தடை 2016-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் நீங்கியது.

உடல்நல அமர்வுக்கு வருவோம். இந்தியாவில் அரிவாள் உயிரணுக் கூறு முதன்முதலில் அறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952-இல். லேமன், கட்புஷ் என்னும் இருவர் குருதி எடுத்துச் சோதித்துக் கட்டுரை வெளியிட்டனர். அரிவாள் உயிரணு இரத்தச்சோகையை ஒழிக்க நாடளாவிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். நடுவில் 71 ஆண்டுகள். குருதி கொடுத்தவர்களின் பேரக்குழந்தைகள் காரணம் தெரியாத மூட்டுவலியோடு தோட்டங்களில் இலை பறித்தார்கள். கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை, அதே சமூகங்களின் பெண்களைச் செவிலியராகவும் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்து உருவானது. ஆய்வுத் தாள்கள் செய்யாததை அது செய்தது.

எனவே ஆய்வுக்கு வரும் மாணவரிடம் சட்டம் என்ன எதிர்பார்க்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்லுயிரிய வளத்தின் மீதும் மரபறிவின் மீதும் சமூகத்துக்குள்ள உரிமையை வன உரிமைச் சட்டத்தின் 3(1)(k) ஏற்கிறது. ஒரு மூலிகையின் பெயரை ஒரு முதியவர் சொல்லிவிட்டார் என்பதால் அது ஆய்வேட்டின் சொத்தாகிவிடாது. கேரளத்தில் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானபோது, அதை உருவாக்கிய தாவரவியல் நிறுவனம் உரிமக் கட்டணத்தில் பாதியைக் காணிகளுக்கு அளிக்க முன்வந்தது. அதைப் பெற ஓர் அறக்கட்டளை அமையவே 1997 ஆனது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்களோ 2017-இல் ஆய்வாளருக்கான நெறிமுறையைத் தாமே எழுதி வெளியிட்டார்கள். நம் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுக்கள் தனி மனிதரின் ஒப்புதல் கையொப்பத்தோடு நிறைவடைகின்றன, சமூகத்தின் ஒப்புதலைக் கேட்பதில்லை.

கல்வி பற்றிச் சுருக்கமாக: தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு 1 விழுக்காடு. அதைப் பெறத் தேவையான சாதிச் சான்றைப் பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தருகிறார், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் தர வேண்டும். அந்தப் படிக்கட்டிலேயே பல பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது.

அடுத்த கருத்தரங்கை நடத்தும் மாணவர்கள், அதற்கு முன் அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒருமுறை வரலாம். வருமுன் குடியிருப்பு மூப்பரிடம் அனுமதி கேளுங்கள். அங்கே தீர்மானப் பதிவேட்டைப் பாருங்கள். வன உரிமைக் குழு இருக்கிறதா, அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரும் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் உள்ளனரா என்று எண்ணுங்கள். சபை நடந்தபோது உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருந்தார்களா என்று கையொப்பங்களைச் சரிபாருங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டவர் யாரேனும் இருந்தால், மறுப்பு எழுத்தில் கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைத்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. மனு எழுதத் தாளும் பேனாவும் கொண்டுவாருங்கள்.