சூது மண்டபமும் பிரயாணியின் பட்ஜெட்டும்

விடுமுறைக்குச் சிங்கப்பூர் சென்று வரும் தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கே கடற்கரையை ஒட்டி மூன்று கோபுரங்களாக நிற்கும் மரினா பே ஸாண்ட்ஸ் விடுதியையும், ஸெந்தோஸாத் தீவிலுள்ள உல்லாச விடுதியையும் பார்க்காமல் திரும்புவோர் சிலரே. இவ்விரண்டு இடங்களிலும் கடைத்தெரு உண்டு, காட்சிச்சாலை உண்டு, குழந்தைகள் களிக்கத்தக்க வேடிக்கைகள் உண்டு, இவற்றின் நடுவே காஸினோ என்னும் சூது மண்டபமும் உண்டு. அம்மண்டபத்தின் வாயிலில் இருவகை நடைமுறை நிலவுவதை நமது நேயர்கள் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பிரஜையும் நிரந்தரவாசியும் 24 மணி நேரத்திற்கு 150 வெள்ளியாவது, வருஷத்திற்கு 3,000 வெள்ளியாவது நுழைவு வரி கட்டினாலன்றி உள்ளே போக முடியாது. அயல்நாட்டுப் பிரயாணியோ 21 வயது நிரம்பியவன் என்று பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். காலணா கொடுக்க வேண்டியதில்லை.

இந்த வேற்றுமை ஏன்? விருந்தாளியிடம் காட்டும் மரியாதை என்று சிலர் எண்ணக் கூடும். உண்மை அதுவன்று. சிங்கப்பூரில் காஸினோ வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் பலமாக நடந்தது. முன்பு அதை எதிர்த்து வந்தவர்களில் லீ குவான் யூவும் ஒருவர். பிரயாணிகளின் பணம் வேண்டும் என்ற கட்சி 2005-ம் வருஷத்தில் வென்றது; 2006-ல் சட்டம் பிறந்தது; 2010-ல் இரண்டு மண்டபங்களும் திறக்கப்பட்டன. ஆனால் அந்த ஸர்க்கார் கதவைத் திறந்த கையாலேயே தாழ்ப்பாளையும் போட்டது. முதலில் 100 வெள்ளியாக இருந்த நாள்வரியை 2019-ல் 150 ஆக உயர்த்தியது. குடும்பத்தைக் கெடுக்கும் சூதாடியை மண்டபத்திற்குள் விடக்கூடாதென்று அவன் குடும்பத்தாரே விண்ணப்பித்துத் தடை பெறலாம் என்று ஏற்பாடு செய்தது. சாமானியப் பிரஜைக்கு மண்டபத்தார் கடன் கொடுக்கலாகாது என்றும் விதித்தது. அயல்நாட்டானுக்குக் கடன் கொடுக்க அந்தத் தடை இல்லை.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய புதுமையன்று. ஐரோப்பாவில் மொனாக்கோ என்ற சின்னஞ்சிறு ராஜ்யத்தின் காஸினோ 1863-ம் வருஷத்தில் பிரான்ஸ்வா பிளாங்க் என்ற முதலாளியின் கைக்கு வந்தது. அதிலிருந்து பெருகிய வருமானத்தினால் 1869-ல் அந்நாட்டில் நேர்முக வரிகள் நீக்கப்பட்டன. எனினும் மொனாக்கோவின் பிரஜை அந்த மேஜையில் அமர்ந்து ஆடக் கூடாது என்பது அங்கே விதி. சூதின் வருமானம் வேண்டும், ஆனால் சூதின் நஷ்டம் தம் ஜனங்களைச் சேரக் கூடாது என்று அதை நடத்துவோரே நினைக்கிறார்கள். அந்தச் சரக்கின் குணத்திற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

தம் பிரஜைகளைக் காக்கும் ஸர்க்காரை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது இதுதான்: சிங்கப்பூர்ப் பிரஜையை அவனுடைய ஸர்க்கார் காக்கிறது, அங்கே செல்லும் நம்மவனைக் காப்பவர் யார்? அவனேயன்றி வேறு யாரும் இல்லை. வாயிலில் அவனுக்கு விதிக்கப்படாத வரியை அவன் தனக்குத் தானே விதித்துக் கொள்ள வேண்டும். அந்த ஒரு மாலைப்பொழுதுக்கு அவன் தன் பணப்பைக்குத் தானே ஸர்க்கார், தானே நிதி மந்திரி, தானே சட்டசபை. ஆகவே பட்ஜெட் இல்லாமல் அவன் அடியெடுத்து வைக்கலாகாது.

பட்ஜெட் என்றால் கணக்கு வேண்டும். ரூலெட் என்னும் சக்கரத்தை எடுத்துக் கொள்வோம். 1 முதல் 36 வரை எண்கள். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. இவற்றோடு பச்சை நிறத்தில் ஒரு பூஜ்யம். ஆக 37 அறைகள். சிவப்பின் மீது 10 வெள்ளி வைப்பவனுக்கு 18 அறைகள் சாதகம், 19 பாதகம். அந்த ஓர் அறையின் வித்தியாசமே மண்டபத்தாரின் வரும்படி, நூற்றுக்கு 2.7 வீதம். இரண்டு பூஜ்யங்கள் உள்ள 38 அறைச் சக்கரமானால் இது நூற்றுக்கு 5.26 ஆகிறது. மேஜையில் அமருமுன் பூஜ்யம் ஒன்றா, இரண்டா என்று பார்ப்பவன் தன் செலவில் பாதியை அங்கேயே மிச்சம் பிடிக்கிறான்.

நூற்றுக்கு 2.7 அற்பந்தானே என்று தோன்றும். இங்கேதான் பிரயாணி ஏமாறுகிறான். அந்த வீதம் அவன் கொண்டுபோன தொகையின் மீது கணக்கிடப்படுவதன்று. மேஜையில் புரளும் தொகையின் மீது கணக்கிடப்படுவது. சக்கரம் மணிக்கு 40 முறை சுற்றுவதாகக் கொள்வோம். 5 மணி நேரத்தில் 200 பந்தயம். பந்தயத்திற்கு 10 வெள்ளி வீதம் 2,000 வெள்ளி. 200 வெள்ளியோடு போனவன், வந்ததையும் போனதையும் திரும்பத் திரும்ப வைத்து, தன்னையறியாமல் 2,000 வெள்ளி பந்தயம் வைத்து விடுகிறான். அதன் மீது சராசரி நஷ்டம் 54 வெள்ளி. இது சராசரியே. 200 பந்தயங்களின் முடிவில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் 200 வெள்ளிக்கு அருகிலோ அதற்கு மேலோ இழந்திருப்பர். ஏறக்குறைய மூவரில் ஒருவர் லாபத்துடன் எழுந்திருக்கவும் கூடும். அந்த ஒருவருடைய கதைதான் ஊருக்குத் திரும்பி வருகிறது. மற்ற இருவர் கதை கப்பலேறுவதில்லை.

தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டித்தால் என்றேனும் ஒரு முறை வென்று முதலை மீட்டு விடலாம் என்று ஒரு யுக்தி உலவுகிறது. 10, 20, 40, 80, 160, 320 என்று ஆறு முறை தோற்றவன் 630 வெள்ளி இழந்திருப்பான்; ஏழாவது பந்தயத்திற்கு 640 வேண்டும். அவ்வளவையும் கொடுத்து அவன் நாடுவதோ முதலில் எண்ணிய 10 வெள்ளி லாபமே. தொடர்ந்து ஆறு தோல்வி அபூர்வம் என்று எண்ண வேண்டாம். சுமார் 55 தொடர்களில் ஒன்று அப்படி முடியும். 200 சுற்றுக்களிலோ சுமார் 100 தொடர்கள் அடங்குகின்றன. மேஜைக்கு மேல்வரம்பும் உண்டாகையால், பையில் பணம் இருந்தாலும் இரட்டிக்க இடமிராது.

ஆகவே நாம் சொல்லும் பட்ஜெட் முறை எளிது. முதலாவது, ஊரை விட்டுக் கிளம்புமுன் பிரயாணச் சீட்டு, விடுதி வாடகை, சாப்பாடு, குழந்தைகளின் வேடிக்கை, உறவினருக்கு வாங்கும் சாமான் ஆகிய எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். மிஞ்சியதில், முழுவதும் போனாலும் வீட்டில் ஒரு வேளை அடுப்புக்கும் குறைவராத தொகை எதுவோ, அதுவே சூதின் மானியம். அது வேடிக்கைச் செலவு, முதலீடு அன்று. இரண்டாவது, அத்தொகையை மனைவிக்குத் தெரிவித்து நிச்சயிக்க வேண்டும். சொல்ல வெட்கப்படும் தொகை அதிகப்படியான தொகை. மூன்றாவது, நாளுக்கு இவ்வளவு என்று பிரித்து ரொக்கமாக எடுத்துப் போய், பாங்கிக் கார்டுகளை விடுதி அறையிலேயே பூட்டி வைக்க வேண்டும். மண்டபத்தினுள் பணம் வழங்கும் இயந்திரம் வைக்கச் சட்டம் இடந்தரவில்லை. வெளியே நடக்கும் அந்தச் சில அடிகளில் புத்தி தெளியட்டும் என்பதே அதன் கருத்தாயிருக்க வேண்டும். அந்த நடையை இன்னும் நீளமாக்குவது நம் கையில் இருக்கிறது. நான்காவது, வென்ற பணத்தைத் தனிப்பையில் போட்டு, மறுபடி மேஜைக்குக் கொண்டு வரலாகாது. ஐந்தாவது, எழுந்திருக்கும் நேரத்தையும் முன்பே குறிக்க வேண்டும். புரளும் தொகைக்கு வீதம் என்றால், நேரமும் பணமே. ஆறாவதும் முக்கியமானதுமான விதி: துணை மானியம் கிடையாது. சட்டசபையில் ஒரு முறை வாக்களித்த தொகை தீர்ந்தால், இந்த இலாகா அன்றைக்கு மூடப்பட வேண்டும்.

சூதே கூடாது என்று சொல்லாமல் அதற்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பர். போகாதிருப்பவனை நாம் வணங்குகிறோம். பூஜ்யமே சிறந்த பட்ஜெட். ஆனால் உள்ளே போகிறவன் போகத்தான் செய்கிறான். அவனிடம் உபதேசம் வாயிலோடு நின்றுவிடும். முன்பே விதித்த எல்லை அவனோடு உள்ளே வரும். தருமபுத்திரனுக்குத் தருமம் தெரியாமலில்லை. முன்கூட்டி விதித்த எல்லை ஒன்று அவனுக்கு இல்லை. செல்வம் போயிற்று, நாடு போயிற்று, தம்பியரும் தானும் தாரமும் போகும்வரை அவனை நிறுத்த ஒரு கோடு இருக்கவில்லை. சபையில் பெரியோர்கள் இருந்தும் தடுத்து நிறுத்தியவர் இல்லை.

சிங்கப்பூர் மண்டபத்திலும் நம்மவனைத் தடுக்கும் பெரியோர் இல்லை. தம் பிரஜைகளுக்கு 150 வெள்ளி வேலி போட்டவர்கள், நமக்கு அந்த வேலியைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். இலவசமாகத் திறக்கும் கதவைக் கண்டு மகிழ வேண்டாம். வீட்டிலேயே தொகையை எழுதி, அதற்குக் கீழே கோடு கிழித்து, அதன்பின் கப்பலோ விமானமோ ஏறுங்கள். அது முடியாதவர்கள் மண்டபத்தை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுக் கடற்கரையில் குழந்தைகளோடு உலாவித் திரும்புவதே உசிதம். அதற்கு அங்கே யாரும் கட்டணம் கேட்பதில்லை.